மலாக்காவில் ஐந்து நாள்: டச்சுச் சதுக்கத்திலிருந்து காஜா பெராங் வரை

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் மலேசியாவின் மலாக்காவில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். தோளில் ஒரு பை, தங்கியது எட்டுப் பேர் படுக்கும் பொது அறை. கோலாலம்பூர் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் மலாக்காவுக்கு ஒரு பகல்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் வேன், சிவப்புக் கட்டடத்தின் முன்னால் படம், ஒரு செண்டோல் (தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ் இனிப்பு), இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். மூன்று இரவாவது தங்குங்கள், அதுவும் திங்கள் முதல் வியாழனுக்குள்.

போய்ச் சேருவது எளிது. கோலாலம்பூரில் பண்டார் தாசேக் செலாத்தான் பக்கத்தில் இருக்கும் பெரிய பேருந்து நிலையத்திலிருந்து நாள் முழுக்கப் பேருந்து உண்டு. இரண்டு மணி நேரம் ஆகும். மலாக்கா சென்ட்ரலில் இறங்கி டச்சுச் சதுக்கம் போகும் டவுன் பஸ் ஏறினால் அங்கேயே விட்டுவிடும்.

நான் செய்த தவறு, சனிக்கிழமை மாலை போய் இறங்கியது. முன்பதிவு செய்திருந்த விடுதியில் படுக்கை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான். அந்தக் கூட்டத்துக்குள் பையோடு ஒரு மணி நேரம் அலைந்து, இரண்டு தெரு தள்ளி 60 வெள்ளிக்கு ஒரு படுக்கை கிடைத்தது (மலேசிய ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள்). அதே படுக்கை திங்கள்கிழமை 40 வெள்ளி.

சரி, ஊருக்கு வருகிறேன். அங்கே பொழுது விடிய ஏழு மணிக்கு மேல் ஆகும். ஞாயிறு காலை ஏழரைக்குச் சதுக்கத்துக்குப் போனேன். ஒரு ரிக்‌ஷாகூட வந்திருக்கவில்லை. ஒரே ஒரு பெரியவர் பெருக்கிக்கொண்டிருந்தார். ஸ்டாட்ஹைஸ் 1650 வாக்கில் டச்சு ஆளுநருக்காகக் கட்டியது. பக்கத்தில் கிறிஸ்து ஆலயம், 1753இல் முடிந்தது. இன்று செக்கச்செவேல் என்று இருக்கும் ஸ்டாட்ஹைஸ் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்ததாம். ஆலயம் திறந்ததும் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் இழைத்தவை, எங்கும் ஒட்டு கிடையாது. 15 மீட்டர் நீளம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை செய்கிறது. அப்படி ஒரு மரத்தை அறுத்து, கோணாமல் மேலே ஏற்றிப் பொருத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும் என்பதால் கழுத்து வலிக்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னாலேயே குன்று. மேலே 1521இல் போர்த்துகீசியர் கட்டிய புனித பவுல் ஆலயம், இப்போது கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலான டச்சுக் கல்லறைக் கற்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கப்பலும் மண்டையோடும் செதுக்கிய அந்தக் கல்லில் விரல் வைத்துத் தடவினால் எழுத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தட்டுப்படுகிறது. புனித சவேரியாரின் உடலை 1553இல் கோவாவுக்குக் கொண்டு போவதற்கு முன் சில மாதம் இங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசல். 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் கட்டத் தொடங்கிய கோட்டை அது. சுல்தான் காலத்துப் பள்ளிவாசலையும் கல்லறைகளையும் பெயர்த்த கற்கள் அதில் போயின. 1641இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் 1807 வாக்கில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த ஒரு வாசல் தப்பியதற்கு ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் தடுத்ததைக் காரணமாகச் சொல்கிறார்கள். போர்த்துகீசியர் வாசல் என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் வளைவுக்கு மேலே கல்லில் இருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும். பிடித்தவன் வாசலை இடிக்கவில்லை, தன் பெயரை வெட்டி வைத்துக்கொண்டான்.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். முக்கியமானது இனிமேல்தான்.

பாக்குமரத்தீவு எழுதியது:

நல்ல பதிவு நண்பரே. ஆனால் ஐந்து நாள் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். பொம்மை ஒட்டிய ரிக்‌ஷாக்கள், காது கிழியும் பாட்டு, தெரு முழுக்க ஒரே மாதிரி நினைவுப்பொருள் கடைகள். அதே 2008ஆம் ஆண்டு மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர்தான் பினாங்கின் ஜார்ஜ் டவுன். அங்கே பழைய தெருக்களில் இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஊதுவத்தி செய்கிறார்கள், கூடை முடைகிறார்கள். கையில் ஐந்து நாள் இருந்தால் நான்கைப் பினாங்குக்குக் கொடுங்கள் என்பேன்.

வைகைக்கரை எழுதியது:

பினாங்கு எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் நீங்கள் சொல்கிற இரைச்சல் காலை பத்து மணிக்குமேல் சதுக்கத்திலும் ஜோங்கரிலும் இருப்பது. ஜோங்கருக்கு அடுத்த தெரு துக்காங் எமாஸ். மலாயில் பொற்கொல்லர் என்று பொருள். அங்கே நடந்தீர்களா?

அந்த வரிசையில் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் கட்டியது. அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748. இன்னும் நாலு எட்டு வைத்தால் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில் செங் ஹூன் தெங். மூன்றுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை. பள்ளிவாசலில் வெள்ளைக் குவிமாடத்தை எதிர்பார்த்துப் போனேன். கூரை மூன்று அடுக்காகக் கூம்பி நிற்கிறது, பாங்கு சொல்லும் கோபுரம் சீனப் பகோடா மாதிரி, உள்ளே ஐரோப்பியத் தூண்கள், ஓட்டில் மேல்நாட்டுப் பூவேலை. கட்டியவர்கள் நம் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள். கோயிலுக்கு வெளியே நின்றால் ஊதுவத்தி வாசனை சீனக் கோயிலுடையதா நம்முடையதா என்று பிரிக்க முடியவில்லை.

திங்கள் காலை அந்த அஞ்சடியில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அஞ்சடி தெரியாதவர்களுக்கு: கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்கு விட்டிருக்கும் கூரையிட்ட நடைபாதைக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர். ஒரு சவப்பெட்டிக்காரர் கடை திறந்தார். ஒரு பாட்டி காகிதத் தோரணம் மடித்துக்கொண்டிருந்தார். மனிதர்கள் இருக்கிறார்கள் நண்பரே. வார நாளில் பார்க்க வேண்டும்.

பயணப்பை எழுதியது:

மூன்று கேள்வி. நான் கோவையிலிருந்து தனியாகப் போகப்போகிறேன், பெண். இரவில் நடமாடப் பயமில்லையா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? விசா இப்போது எப்படி? அப்புறம், அந்த முக்கியமான விஷயத்தைச் சீக்கிரம் எழுதுங்கள் அண்ணா, காத்திருக்கிறேன்.

சிரம்பான்வாசி எழுதியது:

தங்கச்சி, நான் பக்கத்து மாநிலம், மலாக்காவில் என் நாத்தனார் வீடு இருக்கிறது. மாதம் ஒரு முறையாவது போவேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டியதில்லை. ஆனால் வருவதற்கு முன் மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும், காசு கிடையாது. கிளம்பும் முன் ஒரு தடவை விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரைப் பாதையில் இரவு பத்து வரை குடும்பங்கள் நடக்கும். அதற்குமேல் தெரு வெறிச்சென்று ஆகிவிடும். தெருப்பக்கமாகக் கைப்பையைத் தொங்கவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. இருட்டிய பிறகு தூரம் போக வேண்டுமென்றால் கிராப் செயலியில் வாடகை வண்டி கூப்பிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஜாலான் பெண்டஹாரா பக்கம் லிட்டில் இந்தியா. காலையில் தோசை, மதியம் வாழையிலைச் சாப்பாடு. சீனர்களின் சைவக் கடைகளும் இருக்கின்றன. ஆனால் லக்சா (குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்), சம்பல் (மிளகாய்த் துவையல்) என்று எதை வாங்கினாலும் பெலாச்சான் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அது இறால் கூழ். பார்வைக்குத் தெரியாது, அரைத்துச் சேர்த்திருப்பார்கள்.

செண்டோல் மட்டும் விடாதீர்கள். மேலே ஊற்றுகிற கூலா மலாக்கா, தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. உங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு நெருங்கிய சொந்தம். நல்ல கடையில் அது கறுப்பாக, கெட்டியாக, லேசாகப் புகை வாசத்தோடு இருக்கும். வெளிறிப்போய் இனிப்பு மட்டும் இருந்தால் சீனி கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி அக்கா. இப்போது நான் சொல்ல வந்தது.

பொய்யாத விநாயகர் கோயில் வாசலில் குருக்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தைத் தெய்வநாயகம் செட்டி என்பவருக்கு டச்சுக்காரர்கள் கொடுத்தார்கள் என்றார். அவர் மலாக்கா சிட்டி சமூகத்தின் தலைவர். நானும் முதலில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்றே நினைத்தேன். அது வேறு. நகரத்தார் அங்கே வட்டிக்கடை வைக்கப் போனது 19ஆம் நூற்றாண்டில். சிட்டிகள் மலாக்கா சுல்தான் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டு போய் அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வாரிசுகள். 1511ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழி பேசப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒன்று இவர்களுடையது. டச்சுக்காரர்கள் வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்ட பிறகு இவர்கள் மெல்ல நகருக்கு வெளியே போய் விவசாயத்தில் இறங்கினார்கள். அந்த ஊர்தான் காஜா பெராங். சதுக்கத்திலிருந்து முக்கால் மணி நேர நடை, நான் நடந்தே போனேன்.

தெருவில் நுழையும்போதே சின்னச் சின்னக் கோயில்கள். 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் அங்கேதான். வீட்டு நிலைகளில் மாவிலைத் தோரணம். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயதுக்கு மேல் ஓர் அம்மா, மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயா என்ற மேல்சட்டையும் சாரோங் என்ற கைலியும் கட்டி, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. நான் வணக்கம் என்றேன். அவரும் கைகூப்பினார். ‘சூடா மாக்கான்?’ என்று கேட்டார். சூடாக ஏதோ சாப்பிடச் சொல்கிறார் என்று என் காதில் விழுந்தது. உள்ளேயிருந்து வந்த பேரன் ஆங்கிலத்தில் சொன்னான்: ‘சூடா’ என்றால் ஆயிற்றா. சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார். மதுரையில் என் அப்பத்தா முன்பின் தெரியாதவரிடமும் கேட்கிற முதல் கேள்வி அது.

அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் அம்மாவுக்கும் தெரியாதாம். வீட்டில் பேசுவது நடுநடுவே தமிழ்ச் சொல் கலந்த மலாய். பூசையறைக்குக் கூட்டிப்போனார். முருகன், மாரியம்மன், முன்னோர் படங்கள், பித்தளைக் குத்துவிளக்கு. விளக்கின் அடித்தட்டு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் ஒரு நாணயத்தை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். போகிப் பண்டிகை அன்று முன்னோர்களுக்கு வாழையிலையில் படையல் வைப்பதைப் பேரன் விளக்கினான். இலையை எந்தப் பக்கம் நுனி வருகிற மாதிரி போட வேண்டும் என்று அந்த அம்மா கையால் காட்டினார். அப்படியே எங்கள் வீட்டு வழக்கம். மொழி இல்லாமலே இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கல்லணை எழுதியது:

படிக்க மனம் கனக்கிறது. கடல் கடந்து போனவர்கள் தாய்மொழியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கோயில் இருந்து என்ன, விளக்கு இருந்து என்ன, பேச்சு போன பிறகு அவர்களை எப்படித் தமிழர் என்பது? நாம் யாராவது அங்கே போய்த் தமிழ் வகுப்பு நடத்தலாம்.

சிரம்பான்வாசி எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் உண்மையானது என்று புரிகிறது. ஆனால் நான் அங்கே பழகியவள் என்பதால் சொல்கிறேன், இழந்தவர்கள் என்று அவர்களைப் பார்ப்பது சரியில்லை.

கணக்குப் பாருங்கள். ஐந்நூறு ஆண்டு. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஜப்பானியர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் ஊரிலிருந்து கப்பலே வருவதில்லை, பெண்கள் வந்ததே இல்லை. தாய் மலாய்க்காரி என்றால் குழந்தை பேசுவது மலாய்தான். அப்படியும் வீட்டுச் சாமியை விடவில்லை. பிள்ளை, நாயக்கர் என்று பெயரோடு இன்னும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. தமிழ்ப்பள்ளி, தமிழ்ப் பத்திரிகை, வானொலி எல்லாம் இருந்தும் என் அக்கா பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள்.

அவர்களுடைய பெரிய திருவிழா மாரியம்மனுக்கு. அதை அவர்கள் டத்தோ சாச்சார் என்பார்கள். மலாயில் சாச்சார் என்றால் அம்மை நோய். டத்தோ என்பது மரியாதைச் சொல். நோயைச் சொல்லவும் பயந்து, அம்மா என்று மரியாதையாகச் சொல்கிற நம் வழக்கம் மலாய் உடுத்திக்கொண்டு நிற்கிறது. எனக்கு அது தமிழாகத்தான் படுகிறது. வகுப்பு நடத்த ஆசையிருந்தால் முதலில் போய் உட்கார்ந்து அவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்று, வைகைக்கரை தம்பிக்கு. பள்ளிவாசல் பெயரில் ‘கிளிங்’ என்று இருக்கிறதே, அந்தச் சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். தென்னிந்திய வணிகரைக் குறிக்கப் பழைய மலாய் நூல்களில் மரியாதையாகவே வருகிறது. ஆனால் இன்றைக்கு யாராவது எங்களைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டால் அது வசை. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுது வீட்டுக்கு வந்திருக்கிறேன். இடத்தின் பெயராகச் சொல்வதில் தவறில்லை, பேச்சில் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

மனதில் வைத்துக்கொள்கிறேன் அக்கா. சொன்னதற்கு நன்றி.

வாவிக்கரை எழுதியது:

நான் மட்டக்களப்பு. இந்த இழையை நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலும் கோட்டை இருக்கிறது. போர்த்துகீசர் 1628இல் கட்டியது, பத்து வருசத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்தார்கள். அவர்கள் வழிவந்த எங்கள் ஊர்ப் பறங்கியர் போர்த்துகீசம் கலந்த ஒரு மொழியை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பறங்கியர் குடும்பத்தில் என்னோடு படித்த ஒருவனின் அம்மம்மா அதிலேதான் ஏசுவா. வெளியில் வந்தால் எங்களைப்போலத் தமிழ் கதைப்பார்கள். கல்யாண வீட்டில் வயலின் வாசித்து ஆடுவார்கள்.

மலாக்காவிலும் அப்படி ஒரு குடியிருப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வைகைக்கரை, நீங்கள் அங்கே போனீர்களா? அவர்கள் பேசுவது காதில் விழுந்ததா?

வைகைக்கரை எழுதியது:

போனேன். உஜோங் பாசிர் என்ற இடம், கடலோரம். சதுக்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். 1930களில் இரண்டு பாதிரியார்கள் முயற்சி எடுத்து, சிதறிக் கிடந்த மீனவக் குடும்பங்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்து உருவானது. பேசுவது கிறிஸ்தாங், போர்த்துகீசியமும் மலாயும் கலந்த மொழி. மீன் கடையில் இரண்டு பெரியவர்கள் வலை பின்னிக்கொண்டே பேசினார்கள். ஒரு சொல்லும் புரியாது என்று நினைத்தேன். நடுவே ‘ஜனேலா’ என்று காதில் விழுந்தது. நம் ஜன்னல்! ‘மேசா’ என்றால் மேசை. அலமாரி, சாவி, பாதிரி எல்லாம் நமக்கும் அவர்களிடமிருந்து வந்த சொற்கள்தானே. காஜா பெராங்கில் என் சாமி இருந்தது, மொழி இல்லை. இங்கே சாமி வேறு, சொல் மட்டும் வீட்டுச் சொல். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தேன், இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஜூன் 29 புனித பேதுரு திருநாள். மீனவர்கள் படகுகளை அலங்கரிப்பார்கள், பாதிரியார் அவற்றை ஆசீர்வதிப்பார். நீங்கள் போவதாக இருந்தால் அந்த நாளை ஒட்டிப் போங்கள். அவர்கள் கடல் மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது. கரையைத் தூர்த்துத் தூர்த்துக் கட்டடம் எழுப்புகிறார்கள். புனித பவுல் குன்றின் அடிவாரம் வரை ஒரு காலத்தில் அலை வந்தது, இன்று அங்கே வணிக வளாகம் நிற்கிறது. வலை பின்னிய பெரியவர் கையை நீட்டிக் காட்டினார், இறால் பிடித்த இடம் எது என்று. அது இப்போது மண் திட்டு.

பாக்குமரத்தீவு எழுதியது:

நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு முறை போயும் சதுக்கத்தையும் ஜோங்கரையும் தாண்டவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த முறை வார நாளில் போகிறேன். பினாங்கு இன்னும் என் ஊர்தான், அதில் மாற்றமில்லை.

பயணப்பை எழுதியது:

மலாக்காவிலிருந்து எழுதுகிறேன்! வந்து இரண்டு நாள் ஆயிற்று. திங்கள்கிழமையே வந்தேன், படுக்கை 38 வெள்ளி.

இன்று காலை ஏழரைக்குப் பொய்யாத விநாயகர் கோயில். கருங்கல் பிள்ளையாருக்கு அபிஷேகம் முடிந்து துடைத்துக்கொண்டிருந்தார்கள். தும்பிக்கை மடிப்பில் மட்டும் தண்ணீர் நின்று மின்னியது. குருக்கள் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். சீனப் பெண் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மூன்று ஊதுவத்தி ஏற்றி, நம்மைப்போலவே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வேலைக்குப் போனார்.

கோட்டை வாசலில் 1670ஐக் கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா. பக்கத்தில் நின்ற கேரளக் குடும்பத்துக்கும் காட்டினேன். பெலாச்சான் கேட்டு கேட்டு, ‘பெலாச்சான் தடா’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இல்லை என்பதற்குப் பேச்சு மலாயில் தடா.

மதியம் காஜா பெராங் போனபோது சிட்டி அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. முத்துமாரியம்மன் கோயிலில் இருந்தவர் நாளை காலை வரச் சொன்னார். கோவையிலிருந்து ஒரு பெட்டி எள்ளுருண்டை கொண்டு வந்திருக்கிறேன். அந்தத் திண்ணை அம்மாவின் வீடு கோயிலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.